முப்பத்தஞ்சா, அம்பதா?
திருச்செந்தூர் வட்டாரக் கல்யாண போட்டோகிராபர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

ஆவணி முகூர்த்தங்கள் முடிந்து, ஆல்பம் கொடுத்து, பாக்கி வசூலாகிற நேரம் இது. புரட்டாசியில் நம்மவர்கள் பெரும்பாலும் கல்யாணம் வைப்பதில்லை. கையில் கொஞ்சம் காசு, கொஞ்சம் ஓய்வு. திருச்செந்தூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம், உடன்குடி, குலசை என்று இந்தப் பக்கம் கேமரா தூக்குகிற எல்லோருக்கும் லென்ஸ் ஆசை வருவது இந்த மாதத்தில்தான். "அண்ணாச்சி, முப்பத்தஞ்சா அம்பதா? இல்ல, நேரா எண்பத்தஞ்சுக்கே போயிரவா?" என்று கேட்கிறீர்கள். ஆளுக்கு ஆள் பதில் சொல்லி மாளவில்லை. எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஃபுல் ஃபிரேம் கேமரா வைத்திருப்பவர் 35 மி.மீ. எஃப் 1.8 வாங்குங்கள். க்ராப் கேமரா வைத்திருப்பவர் 23 அல்லது 24 மி.மீ. வாங்குங்கள். காரணம் வேண்டாம் என்பவர்கள் இத்தோடு மடலை மடித்து வைத்துவிடலாம்.

எண்பத்தைந்து மேல் இருக்கிற மோகம் எனக்குப் புரிகிறது. "பின்னாடி எல்லாம் வெண்ணெய் மாதிரி கரையணும் அண்ணாச்சி" என்பதுதான் எல்லோருடைய கனவும். பெண்ணின் முகம் பளிச்சென்று நிற்கும், பின்னால் இருப்பது என்னவென்றே தெரியாது. மாப்பிள்ளை அதை வாட்ஸ்அப் டிபியாக வைப்பார், உங்களுக்கு அடுத்த ஆர்டர் வரும். சரிதான். ஆனால் ஒன்றை யோசியுங்கள். தென்காசியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வேன் பிடித்து, ராத்திரி லாட்ஜில் தங்கி, நாலு மணிக்கு எழுந்து தலை குளித்து இங்கே வந்து தாலி கட்டுகிறார்கள். எதற்கு? முருகன் சன்னதியில் கல்யாணம் வைக்க வேண்டும் என்ற வேண்டுதலுக்கு. அந்தக் குடும்பத்துக்குப் படத்தில் கோபுரம் வேண்டும், கடல் வேண்டும், ஈர மண்ணில் நடந்து வருகிற ஆச்சியும் வேண்டும். நீங்கள் எண்பத்தைந்தை எஃப் 1.4இல் திறந்து வைத்து அத்தனையையும் கரைத்துவிட்டால், அந்தப் படத்தை அவர்கள் ஊர் மொட்டைமாடியிலேயே எடுத்திருக்கலாமே.

ராஜகோபுரம் 137 அடி என்பார்கள். முப்பத்தைந்தை மாட்டி, கோபுரத்திலிருந்து சுமார் நூற்றைம்பது அடி தள்ளி நின்று, கேமராவை நெடுக்காகப் பிடித்து, ஜோடியை இடுப்புக்கு மேல் வைத்துப் பாருங்கள். உச்சிக் கலசம் வரை அடங்கும். அதையே எண்பத்தைந்தில் எடுக்க சுமார் முந்நூற்றறுபது அடி தள்ளிப் போக வேண்டும். அவ்வளவு தூரம் போனபின் மாப்பிள்ளைக்கும் உங்களுக்கும் நடுவில் எத்தனை பேர் குறுக்கே நடப்பார்கள் என்று முகூர்த்த நாளில் இந்த ஊரில் நின்றவர்களுக்குத் தெரியும். இன்னொன்று: முப்பத்தைந்தை எஃப் 1.8இல் வைத்து ஆறேழு அடியில் இருக்கும் முகத்துக்கு ஃபோகஸ் செய்தாலும் பின்னால் கோபுரம் லேசாக மெத்தென்று ஆகுமே தவிர, கோபுரம் என்று தெரியும். எனக்கு வேண்டியது அதுதான். ஆளும் தனித்துத் தெரிய வேண்டும், ஊரும் தொலையக் கூடாது.

சரி, ஐம்பது ஏன் கூடாது என்பீர்கள். ஃபுல் ஃபிரேம் சென்சாரின் மூலைக்கு மூலை அளவு சுமார் 43 மி.மீ. அந்தக் கணக்குப்படி இயல்பான லென்ஸ் என்பது முப்பத்தைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. இரண்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான். புகைப்படக்கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன் பெரும்பாலும் ஐம்பதை வைத்தே உலகம் சுற்றினார். 1950இல் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படம் எடுத்தவரும் அவர்தான். ஐம்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கெட்டி மேளம் முழங்கும்போது நம் மேடையில் அவரை நிற்க வைத்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று எனக்கு ஒரு ஆசை உண்டு.

அந்த நொடியைக் கணக்குப் போட்டே பார்ப்போம். ஐயர் கையைக் காட்டுகிறார், நாதஸ்வரம் ஏறுகிறது, அட்சதைக் கையோடு எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். முதல் வரிசையில் இருக்கிற அத்தனை மச்சான்களும் செல்போனை நீட்டிக்கொண்டு மேடைக்கே வந்துவிடுகிறார்கள். உங்களுக்கு மிஞ்சுவது நாலடி. நாலடி தூரத்தில் ஐம்பது மி.மீ. லென்ஸ் பார்ப்பது மூன்றடிக்கும் குறைவான அகலம். மாப்பிள்ளை கையும் பெண்ணின் கழுத்தும் வரும். பின்னால் நின்று முடிச்சுப் போட்டுவிடும் நாத்தனார் பாதியில் வெட்டுப்படுவார். எண்பத்தைந்தில் ஒன்றே முக்கால் அடி. தாலியும் மஞ்சளும் மட்டும். முப்பத்தைந்தில் நாலடி கிடைக்கும். இரண்டு முகம், நாத்தனார் விரல், விளக்கு பிடித்திருக்கிற சின்னப் பெண், கண்ணைத் துடைக்கிற அம்மா. ஆல்பத்தில் வருஷக்கணக்காக நிற்கப் போகிற பக்கம் இது.

இந்தக் கணக்கை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஃபுல் ஃபிரேமில் முப்பத்தைந்து மி.மீ. என்றால், எத்தனை அடி தள்ளி நிற்கிறீர்களோ கிட்டத்தட்ட அத்தனை அடி அகலம் படத்தில் வரும். பத்தடியில் பத்தடி. கேமராவைக் கண்ணுக்குக் கொண்டு போகாமலே, எங்கே நின்றால் யார் யார் உள்ளே வருவார்கள் என்று தெரிந்துவிடும். கூட்டத்தில் வேலை பார்ப்பவனுக்கு இதைவிடப் பெரிய வசதி கிடையாது. 28 இன்னும் அகலமாயிற்றே, 24 இன்னும் அகலமாயிற்றே என்று கேட்பவர்களுக்கு: ஓரத்தில் நிற்கும் சித்தியின் தோளும் கன்னமும் அகன்று போகும். ஆல்பம் போன மறுநாள் சித்தி போன் செய்வார். நீங்களே பேசிக்கொள்ளுங்கள்.

இங்கேதான் க்ராப் கேமராக்காரர்கள் ஏமாறுகிறார்கள். லென்ஸில் 35 என்று எழுதியிருந்தால் உங்கள் கேமராவில் அது முப்பத்தைந்தாக வேலை பார்க்காது. நிக்கான் 2009இல் கொண்டுவந்த டிஎக்ஸ் 35 எஃப் 1.8 அருமையான லென்ஸ், இருநூறு கிராம்தான், பழையது மலிவாகக் கிடைக்கும். ஆனால் க்ராப் பாடியில் அது ஐம்பத்திரண்டு மாதிரி. நாலடியில் மூன்றடிகூட வராது. நீங்கள் தேட வேண்டியது 23, 24. நிக்கான் இசட் க்ராப் பாடிக்கு 2023இல் வந்த 24 எஃப் 1.7 இருக்கிறது, 135 கிராம். ஃபியூஜிக்காரர்களுக்கு 23 எஃப் 2 பல வருஷமாகக் கிடைக்கிறது, தூசுக்கும் சாரலுக்கும் தாங்கும். கேனனின் பழைய க்ராப் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களுக்கு 24 எஃப் 2.8 பான்கேக் உண்டு. கொஞ்சம் இருட்டு லென்ஸ்தான், ஆனால் விலைக்கு அது தப்பில்லை.

இருட்டு என்றேன். எஃப் எண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எஃப் 4 ஜூமுக்கும் எஃப் 2க்கும் நடுவில் வெளிச்சம் நாலு மடங்கு வித்தியாசம். ஐப்பசி சஷ்டி அன்று சூரசம்ஹாரம் நடக்கிற சாயங்காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடல் கிழக்கே, கோயில் மேற்கே. ஆறு மணியை ஒட்டிச் சூரியன் கோயிலுக்குப் பின்னால் இறங்கும்போது கடற்கரை முழுக்க நிழலில் இருக்கும். யானைமுகன், சிங்கமுகன் முடிந்து சூரன் மாமரமாக வரும்போது வெளிச்சம் நிமிஷத்துக்கு நிமிஷம் குறையும். எஃப் 4இல் ஐஎஸ்ஓ 12,800 கேட்கிற இடத்தில் எஃப் 2க்கு 3,200 போதும். தோளில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் முகத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிவதற்கும் தோல் தோலாகத் தெரிவதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். (தடுப்புக்கு வெளியே நின்றுகொண்டு முப்பத்தைந்தில் சூரனின் முகத்தை எடுக்க முயலாதீர்கள், எறும்பளவுகூட வராது. அதற்கு 70-200 வைத்திருக்கிறவர் பக்கத்தில் நிற்பார். உங்கள் படம் கூட்டத்துக்குள் இருக்கிறது.)

தேவாலயக் கல்யாணத்துக்கும் இதே நியாயம். வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு கோயில்களில் கூரை உயரம். ஃபிளாஷை மேலே திருப்பினால் வெளிச்சம் திரும்பி வராது, நேரே அடித்தால் சாமியார் முகம் சுளிப்பார். எஃப் 1.8 லென்ஸும் ஜன்னல் வெளிச்சமும் போதும்.

ஆனால் எஃப் 1.4க்கும் எஃப் 1.8க்கும் உள்ள வித்தியாசம் ஒரு முழு ஸ்டாப்கூடக் கிடையாது, மூன்றில் இரண்டு பங்குதான். அதற்குச் சோனியில் விலை நிறையக் கூட்டிக் கேட்கிறார்கள். எடை 280 கிராமிலிருந்து 524 ஆகிறது. விடிகாலை நாலிலிருந்து மத்தியானப் பந்தி வரை கழுத்தில் தொங்குவதை மறந்துவிடாதீர்கள். அதோடு அந்த எஃப் 1.4ஐ எங்கே பயன்படுத்தப் போகிறீர்கள்? ஐந்தடியில் முப்பத்தைந்தை எஃப் 1.4இல் திறந்தால் தெளிவாக இருப்பது மொத்தம் அரையடி ஆழம். பெண்ணின் கண் தெளிவாக இருந்தால் பின்னால் குனிந்திருக்கிற மாப்பிள்ளை மங்கிப் போவார். தாலி கட்டும் நேரத்தில் எஃப் 2.8க்கு மூடினால்தான் ஓரடி ஆழம் கிடைக்கும், இரண்டு பேரும் பிழைப்பார்கள். ஆக, 1.4க்குக் காசு கொடுத்துவிட்டு முக்கியமான நேரத்தில் 2.8இல்தான் எடுக்கப் போகிறீர்கள். இதற்கா தவணை கட்டுவது?

நிக்கானில் கதை தலைகீழ். 2018இல் வந்த 35 எஃப் 1.8 எஸ் விலை கூடியது. 2024இல் வந்த 35 எஃப் 1.4 அதைவிட மலிவு. பெரிய எண் கிடைக்கிறதே என்று துள்ளாதீர்கள். முழுக்கத் திறந்து வைக்கும்போது ஓரங்களில் 1.8 எஸ்தான் கறாராக நிற்கிறது. கல்யாணத்துக்கு இரண்டில் எது வாங்கினாலும் நஷ்டமில்லை, விலை குறைந்ததையே வாங்குங்கள். கேனன் ஆர்எஃப் 35 எஃப் 1.8 கிட்டப்போய் எடுக்கக் கெட்டிக்காரன்; பதினேழு சென்டிமீட்டர் வரை நெருங்கும், மெஹந்திக்கும் தாலிக்கும் தனி மேக்ரோ வேண்டாம். ஆனால் ஃபோகஸ் செய்யும்போது முன்பக்கக் குழல் நீளும், தூசித் தடுப்பும் கிடையாது. கடற்கரையில் அதைக் கொண்டு போகிறவர்கள் முன்னால் ஃபில்டர் போட்டு, குழலில் மணல் ஒட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மணல் என்றதும் ஞாபகம் வருகிறது. நம் ஊரில் லென்ஸைக் கொல்வது கீழே விழுவதைவிட உப்பும் ஈரமும்தான். கடற்கரையில் லென்ஸ் மாற்றாதீர்கள். ஒரே லென்ஸை மாட்டியபடி போவதே பிரைம் லென்ஸ்காரனுக்குப் பாதி காப்பு. ஏசி லாட்ஜ் அறையிலிருந்து நாலரை மணிக்கு நேரே கடற்கரைக்கு வந்தால் கண்ணாடி முழுக்கப் பனி படரும். துடைத்தால் திரும்பவும் படரும். பையை மூடியபடியே அரை மணி நேரம் முன்னால் வராந்தாவில் வைத்துவிடுங்கள், தானாகச் சரியாகும். படப்பிடிப்பு முடிந்ததும் முதலில் ஊதுபந்தால் மணலை ஊதுங்கள். பிறகு லேசாக ஈரம் செய்த துணியால் குழலை ஒற்றி எடுத்து, காய்ந்த துணியால் துடையுங்கள். வேட்டி நுனியால் கண்ணாடியைத் தேய்க்கிறவர்களை இந்த ஊரில் இன்னும் பார்க்கிறேன். வீட்டில் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். நீல மணி வெளுத்துச் சிவப்பு பாய்ந்தால் சூடுகாட்டி ஈரம் போக்க வேண்டும்.

பழைய லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் இதனால்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்னால் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் அது பூஞ்சை, எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். மவுண்ட் திருகில் துரு இருக்கிறதா, ஃபோகஸ் வளையம் சுற்றும்போது நறநறக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு தினத்தந்தியைப் பிரித்துச் சுவரில் ஒட்டி, நேரே நின்று, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து எடுங்கள். நாலு மூலையிலும் எழுத்து ஒரே மாதிரி படிக்க வர வேண்டும். ஒரு மூலை மட்டும் கலங்கியிருந்தால் அந்த லென்ஸ் எங்கோ விழுந்து எழுந்தது. (எந்தப் பேப்பராக இருந்தாலும் சரிதான். காயாமொழிக்காரர் ஆதித்தனார் 1942இல் ஆரம்பித்த பேப்பர் என்பதால் நமக்கு அதுதான் கைக்கு வரும்.) ராத்திரி ஒரு சீரியல் பல்பு வரிசையை மூலையில் வைத்தும் எடுத்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாக நிற்க வேண்டிய வெளிச்சம் சிறகு விரித்த குருவியாக வந்தால், மண்டப அலங்காரத்தில் அது எல்லாப் படத்திலும் வரும். எஃப் 2.8க்கு மூடினால் பெரும்பாலும் அடங்கும். எவ்வளவு மூட வேண்டியிருக்கிறது என்பதையும் பார்த்து விலை பேசுங்கள்.

லென்ஸ் வாங்கினால் பழக வேண்டும். அதற்குக் குலசை தசராவைவிட நல்ல பள்ளிக்கூடம் தெரியாது. பத்து நாள், வேஷம் கட்டிய காளிகள், குறவர்கள், போலீஸ்காரர்கள், தசராக் குழுக்களின் மேளம், கடைசி நாள் நள்ளிரவில் கடற்கரையில் மகிஷாசுர சம்ஹாரம். வெளிச்சம் முழுக்க எல்இடியும் டியூப் லைட்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு நூறு தடவை துடிக்கும். சைலன்ட் ஷட்டரில் எடுத்தால் காளியின் முகத்தில் வரி வரியாகக் கறுப்புப் பட்டை விழும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, 1/100இல் வைத்து, ஆன்டி ஃபிளிக்கரைப் போட்டுக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், அரிதாரத்தின் பளபளப்பு சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடும்.

ஆனால் அவர்கள் நேர்ந்துகொண்டு விரதம் இருந்து வேஷம் கட்டியவர்கள். தூரத்தில் ஒளிந்து ஜூமில் பறிப்பதுபோல் முப்பத்தைந்தில் செய்ய முடியாது; ஐந்தடியில் நிற்க வேண்டும், அவரும் உங்களைப் பார்ப்பார். அதனால் முதலில் கும்பிடு போடுங்கள், ஒரு ரூபாய் காணிக்கை கொடுங்கள், தலையாட்டினால் எடுங்கள். மறுத்தால் நகருங்கள். தசராவில் வெளியூர்க்காரர்கள் லென்ஸோடு மோதிக்கொண்டு போவதை நாம் பார்த்திருக்கிறோம், நாமும் அப்படிச் செய்யக் கூடாது.

கோயிலுக்குள் விஷயமும் அப்படித்தான். 2022 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நம் கோயிலுக்குள் செல்போனுக்குத் தடை போடச் சொன்னது. அடுத்த மாதமே அது தமிழ்நாட்டுக் கோயில்கள் எல்லாவற்றுக்கும் என்றானது. கேமராவைப் பைக்குள் மறைத்து உள்ளே கொண்டு போகச் சொல்கிற கல்யாண வீட்டார் இருக்கிறார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். சூரசம்ஹாரம் முடிந்ததும் உள்ளே சாயாபிஷேகம் நடக்கும். கண்ணாடியில் தெரிகிற சுவாமியின் பிம்பத்துக்கு அபிஷேகம். பிம்பத்துக்கே அபிஷேகம் செய்கிற ஊரில் பிம்பம் பிடிக்கிறவனை மட்டும் வெளியே நிற்கச் சொல்கிறார்கள் என்று எனக்கும் சிரிப்பு வரும். இருந்தாலும் வெளியேதான் நிற்க வேண்டும்.

எண்பத்தைந்து வேண்டவே வேண்டாமா என்றால், பெண்ணைத் தனியாகக் கழுத்துக்கு மேல் எடுக்க அதுதான் சரி. முப்பத்தைந்தை வைத்துக்கொண்டு மூன்றடிக்குள் போனால் மூக்கு பெரிதாகும், அதைச் செய்யாதீர்கள். ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள், அல்லது கூட வேலை பார்க்கிறவரிடம் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். மண்டபத்தின் கடைசி வரிசையில் நின்று கேண்டிட் மட்டும் எடுக்கிற இரண்டாவது கேமராமேனுக்கு இந்த மடல் பொருந்தாது. அவர் எண்பத்தைந்தே வாங்கட்டும்.

மற்றவர்களுக்கு ஒரே வேண்டுகோள். வாங்குவதாக இருந்தால் தசராவுக்கு முன்னால் வாங்கிவிடுங்கள். குலசையில் பழகுங்கள், சஷ்டி அன்று கடற்கரையில் கூட்டத்துக்குள் நின்று பாருங்கள். அட்வான்ஸ் வாங்கிய கல்யாணத்துக்குப் புது லென்ஸைப் பெட்டி பிரித்துக் கொண்டு போகாதீர்கள். தவணையில் வாங்கினால் தை முகூர்த்தத்துக்குள் அடைகிற மாதிரி வாங்குங்கள். மார்கழியில் நமக்கு வருமானம் கிடையாது.

அன்புடன்,
உங்கள் அண்ணாச்சி,
திருச்செந்தூர்.